தனிச் சில்லா, பொதுச் சில்லா?

தொலைத்தொடர்புக் கருவிக்குள் எந்தச் சில்லு (சிப்) இருக்க வேண்டும் என்பது, 2022 இன் டொலர் தட்டுப்பாட்டைக் கண்ட கொழும்பில், பொறியியலாளருக்கு மட்டுமன்றிக் கணக்காளருக்கும் உரிய கேள்வியாகும். ஒரே வேலைக்கென வடிவமைக்கப்பட்ட சில்லையும் அதைச் செய்த நிறுவனத்தின் மென்பொருளையும் சேர்த்து வாங்குவது ஒரு வழி. பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் காணும் எக்ஸ்86 குடும்பத்துச் செயலிகள் கொண்ட சேவையகங்களில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி ஓட்டுவது மற்றது.

முதலில் வேகம். 10 ஜிகாபிட் இணைப்பொன்றில் மிகச் சிறிய தரவுப் பொதிகள் நிரம்பி வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.488 கோடி பொதிகள் சேரும். ஒன்றைக் கையாள 67 நானோநொடிதான் கிடைக்கும். தனிச் சில்லு இதை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். வழமையான லினக்ஸோ திணறும். டிபிடிகே என்ற மென்பொருள் தொகுதி, இயங்குதளத்தின் கருவகத்தை (கேர்னல்) தவிர்த்து, செயலிக்குள் தனித்தனியே கணிக்கும் கருக்களில் (கோர்) சிலவற்றை இந்த வேலைக்கே ஒதுக்கி அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் அந்தக் கருக்கள், பொதி வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதால், ஒருவரும் பேசாத நள்ளிரவிலும் மின்சாரம் குடிக்கும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்த ஊரில், பற்றரியிலும் டீசலிலும் தாங்கும் கைபேசிக் கோபுரத்துக்கு இது சிறிய விடயமல்ல.

சந்தாதாரர் பதிவேடு, அழைப்புக் கட்டுப்பாடு, கட்டணக் கணக்கு போன்ற மையப் பணிகளில் நிலைமை வேறு. அங்கே பொதுச் சேவையகமே மேல் என்பது என் முடிவு: பழுதானால் வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தைப் பொருத்தலாம், விலை பேசவும் இடமுண்டு. ஜப்பானின் ரகுடென் நிறுவனம் 2020 இல் இந்த முறையிலேயே கைபேசிச் சேவையைத் தொடங்கியது. ஆயினும் அது பழைய கருவிகளின் சுமையில்லாமல் புதிதாகக் கட்டிய வலையமைப்பு என்பதை மறந்து ஒப்பிடக் கூடாது.

தொலைத்தொடர்புக் கருவிகளுக்கென 2002 இல் வந்த அட்வான்ஸ்ட்டிசிஏ தரம், மைனஸ் 48 வோல்ட்டில் இயங்கும் பொதுவான பெட்டியும் அதில் செருகும் மின்சுற்று அட்டைகளுமாக நடுவழி காட்டியது. சேவையகங்களைப் போல் பெருந்தொகையாக விற்காததால் அவற்றின் மலிவு இதற்கு வாய்க்கவில்லை.

பொதுப் பாகங்களின் உண்மையான தொல்லை பழுது வரும்போதே தெரியும். சேவையகம், இயங்குதளம், பயன்பாடு ஆகியவற்றை விற்ற மூவர் மாறிமாறி மற்றவரைக் காட்டுவார்கள். தனிக் கருவியில் அழைக்க வேண்டிய எண் ஒன்றே (அந்த ஒருவர் கேட்கும் விலையும் டொலரில்தான்). ஆகவே மையத்தைப் பொதுச் சேவையகத்துக்கு மாற்றுகிறவர், மூன்றையும் பிரித்தறியும் ஆட்களை முதலில் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். கைபேசிகளோடு அலைவழி தொடர்பாடும் கோபுரத்தின் வானொலிப் பகுதியை, பற்றரிக் கணக்கு மாறும்வரை, தனிச் சில்லிடமே விட்டுவைக்கலாம்.