சூட்டில் ஸ்டார்ட் ஆகாத அம்பாசிடர்: ஏசி பம்பா, எலக்ட்ரிக் பம்பா, பேக்லைட்டா?

காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும் வண்டி. நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து, டீ குடிக்கப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது. பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் இது மே மாதத்து வழக்கம். யாரைக் கேட்டாலும் "எலக்ட்ரிக் பம்பு போடுங்கள்" என்பார்கள். சில வண்டிகளில் அதுதான் சரி. பல வண்டிகளில் அது நோயைக் கூட்டும்.

காரணம், வெளியே ஒரே மாதிரி தெரியும் இந்தக் கோளாறுக்குள் நேரெதிரான இரண்டு இருக்கின்றன. ஒன்று ஏர் லாக். பம்புக்குள்ளோ குழாய்க்குள்ளோ பெட்ரோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. இன்னொன்று பொங்கி வழிவது. எஞ்சின் நின்றதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (புகை வெளியேறும் குழாயின்) சூடு மேலே ஏறும், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பெட்ரோல் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கி மெயின் ஜெட் வழியாக இன்லெட் மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்க்குள்) இறங்கும். முதலாவதில் பெட்ரோல் பஞ்சம், இரண்டாவதில் வெள்ளம். இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் என்பதால் கார்ப்பரேட்டர் கிட்டத்தட்ட அடுப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

எது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். வண்டி அடம்பிடிக்கும்போதே ஏர் கிளீனரைக் கழற்றி, சாவியை ஆஃபில் வைத்து, கார்ப்பரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது முகத்தை அங்கே வைக்கவும் கூடாது. த்ராட்டில் தட்டு நனைந்து, மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் பொங்கல். தொண்டை காய்ந்திருந்து, ஆக்ஸிலரேட்டர் லிங்கைக் கையால் இழுத்தும் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ஆக்ஸிலரேட்டர் பம்பு ஜெட்டிலிருந்து பீச்சு வரவில்லை என்றால் பஞ்சம். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி ஐந்து நிமிடம் விட்டதும் பிடித்துக்கொண்டால் ஏர் லாக் உறுதி. டிரைவர்களின் அந்தப் பழைய வைத்தியத்தைச் சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பொங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ய சோக் இழுக்கக் கூடாது, ஆக்ஸிலரேட்டரைக் குத்திக் குத்தி மிதிக்கவும் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். அடி வரை ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். கரும்புகை கக்கிக்கொண்டு பிடிக்கும்.

இனி பம்புகள். ஏசி பம்பு என்ற பெயருக்கும் குளிர்சாதனத்துக்கும் சம்பந்தமில்லை, ஏசி என்பது கம்பெனிப் பெயர். எஞ்சினின் கேம்ஷாஃப்ட் லிவரை ஆட்ட, உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு பெட்ரோலைப் பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். போதாததற்குப் பம்பு சூடான பிளாக்கில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், ஒயரிங் தொல்லை இல்லை, பிரஷரும் 2 முதல் 4 பிஎஸ்ஐக்குள் தானாக அடங்கும். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயில் சம்புக்குள் போகலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிப் பெட்ரோல் வாசம் வந்தால் வண்டியை ஓட்டாமல் பம்பையும் ஆயிலையும் மாற்ற வேண்டும். சூடு ஏறாதிருக்கப் பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இரண்டு மூன்று பேக்கிங் அடுக்குவது தவறு. லிவரின் வீச்சு குறைந்து, மேட்டில் பெட்ரோல் போதாமல் இழுவை விடும்.

எலக்ட்ரிக் பம்பு டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்து தள்ளுவது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது என்பதுதான் அதன் பலம். இதையே எஞ்சின் அறைக்குள் மாட்டினால் மறுபடி உறிஞ்சும் வேலைதான், போட்ட காசு வீண். வாங்கும்போது பிரஷரைப் பாருங்கள்: 2 முதல் 3 பிஎஸ்ஐ போதும். எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் ஓடும்) கார் பம்பு 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும், ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் தாங்காது, சூடான எக்ஸாஸ்டின் மேல் பெட்ரோல் கொட்டும். பம்புக்கு முன்னால் ஃபில்டர், தனி ஃபியூஸ், ரிலே. அந்த ரிலேயை, எஞ்சின் ஓடி ஆயில் பிரஷர் இருக்கும்போது மட்டும் கரண்ட் விடும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேஷ்போர்டு விளக்குக்கான சுவிட்ச் இதற்கு உதவாது, அது பிரஷர் இல்லாதபோது கனெக்‌ஷன் கொடுப்பது. பொங்கும் வண்டிக்கு இந்தப் பம்பைப் போட்டால், தேய்ந்த நீடிலைத் தாண்டி இன்னும் பெட்ரோல் ஏறும்.

இரண்டுக்கும் நடுவில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வழி உண்டு: ரிட்டர்ன் லைன். கார்ப்பரேட்டர் மாருதி 800-ல் பம்பிலேயே மூன்றாவது குழாய் வைத்து இதைக் கம்பெனியே கொடுத்திருந்தது. அம்பாசிடரில் கார்ப்பரேட்டருக்குச் சற்று முன்னால் 'T' வடிவக் குழாய் இணைப்பு ஒன்று, அதன் திரும்பும் காலில் 1 முதல் 1.5 மிமீ துளை, அங்கிருந்து டேங்கின் மேற்புறத்துக்கு ஒரு குழாய். பெட்ரோல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், உண்டான ஆவியும் டேங்குக்குத் திரும்பிவிடும். துளை பெரிதானால் கார்ப்பரேட்டருக்குப் போக வேண்டிய பெட்ரோல் டேங்குக்கே போய்விடும். ஏசி பம்பு நல்ல நிலையில் இருந்தால், ஏர் லாக்குக்கு எலக்ட்ரிக் பம்பை விட இதையே முதலில் செய்யலாம். மெனக்கெடும் வேலைதான், டேங்கை இறக்க வேண்டும்.

பொங்குவதற்கு மருந்து பேக்லைட் ஸ்பேசர், அதாவது சூட்டை எளிதில் கடத்தாத கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன இடைத்தட்டு. கார்ப்பரேட்டருக்கு அடியில் 6 முதல் 10 மிமீ தடிமனில், இருபுறமும் புதுப் பேக்கிங்கோடு. லேத்தில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள், வாங்காதீர்கள். சூட்டை அது அப்படியே கடத்தும். நீளமான ஸ்டட் வேண்டும், ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கிறதா, ஆக்ஸிலரேட்டர் ராடு முழுதாகத் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நட்டை வலுவாக முறுக்கினால் சொலெக்ஸ் கார்ப்பரேட்டரின் ஃப்ளாஞ்ச் (அடித்தட்டு) வளைந்து காற்று இழுக்கும், ஐட்லிங் நிற்காது. ஸ்பேசர் போடும்போதே ஃப்ளோட் மட்டத்தையும் நீடிலையும் பார்த்துவிடுவது நல்லது. மட்டம் உயர்ந்திருந்தால் ஸ்பேசர் ஒன்றும் கிழிக்காது. ஸ்பேசர் இல்லாமல், கார்ப்பரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு மட்டும் போட்டால் ஓடும்போது உதவும், நின்ற வண்டியில் அவ்வளவாக இல்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிப்பதுதான், ஆனால் பெட்ரோலோடு சிறிதளவு கலந்தால் கலவை சுத்தப் பெட்ரோலை விடச் சீக்கிரம் ஆவியாகும். பழைய ரப்பர் ஹோஸின் உள்தோல் உரிந்து ஜெட்டை அடைக்கும், டயஃப்ரமும் கெடும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் மாற்றாமல் மேலே சொன்ன எதிலும் காசு போட வேண்டாம்.

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் நின்றால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதுவும் இல்லை, பிளக்கில் நீலப்பொறிக்குப் பதில் மஞ்சளாக மெலிந்த பொறி என்றால் பொறிக்கான இக்னிஷன் காயிலையோ கண்டன்சரையோ சந்தேகப்படலாம். இரண்டும் ஆறியதும் தாமாகச் சரியாகி, ஏர் லாக் போலவே நடிக்கும்.