குரூப் உரிமையை எங்கிருந்து எடுப்பது: எல்டாப், டோக்கன், ஸ்கிம்

ஒரே ஆப்புக்குள் நுழைய ஆக்டிவ் டைரக்டரி (பயனர், குரூப் விவரங்களை வைக்கும் மைக்ரோசாஃப்ட் டைரக்டரி), என்ட்ரா ஐடி (மைக்ரோசாஃப்டின் கிளவுட் அடையாளச் சேவை), ஆப்பிலேயே இருக்கும் லோக்கல் கணக்கு என மூன்று வாசல்கள் இருந்தால், யார் எந்த குரூப்பில் என்ற தகவலை எதிலிருந்து எடுப்பது? ஆளைச் சேர்க்கும்போது எல்லா வழியும் ஒழுங்காகவே வேலை செய்யும். நீக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எல்டாப்பில் (டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் நெறிமுறை) ஆப் நேரடியாக டைரக்டரியைக் கேட்கிறது. பழைய பதிலைக் கேஷில் சேமித்து வைக்காதவரை, நீக்கம் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும். தலைவலி குரூப்புக்குள் இருக்கும் குரூப்தான். ஒருவர் எந்த குரூப்புகளில் இருக்கிறார் என்று சொல்லும் 'மெம்பர்ஆஃப்' புலம் நேரடிச் சேர்க்கையை மட்டுமே காட்டும். பிரைமரி குரூப் (பயனருக்கு இயல்பாக ஒதுக்கப்படும் குரூப்) அதில் வராது. உள்ளடுக்கும் வேண்டுமானால் தேடல் ஃபில்டரில் 1.2.840.113556.1.4.1941 விதியைச் சேர்க்க வேண்டும். பெரிய டைரக்டரியில் அது ஊர்ந்துதான் போகும். இன்னொரு பொறி: ஒரு குரூப்பில் 1500 பேருக்கு மேல் இருந்தால், பட்டியல் துண்டு துண்டாக வரும். அதைக் கையாளாத ஆப்புக்கு அந்த குரூப் காலியாகத் தெரியும், எர்ரரும் வராது.

சாமல், ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற லாகின் நெறிமுறைகளின் டோக்கனில் (லாகின் செய்தவர் யார் என்று ஆப்புக்குச் சொல்லும் சீட்டு) குரூப்பை அனுப்புவது அமைக்க எளிது. ஆனால் அது லாகின் நேரத்து நிலவரம்; செஷன் முடியும்வரை பழைய உரிமை ஓடும். என்ட்ராவில் சாமலுக்கு 150, ஜேடபிள்யூடிக்கு (ஓப்பன்ஐடி கனெக்ட் டோக்கனின் வடிவம்) 200 குரூப் என்று வரம்பு. தாண்டினால் பட்டியல் வராது, மைக்ரோசாஃப்டிடம் பட்டியலைக் கேட்டு வாங்கும் கிராஃப் ஏபிஐயைக் காட்டும் ஒரு சுட்டிதான் வரும். பல குரூப்புகளில் இருக்கும் பழைய அட்மின்களே முதலில் மாட்டுவார்கள். 'பட்டியல் இல்லை' என்பதை 'எதிலும் இல்லை' என்று புரிந்துகொண்டு, ஆப் எல்லா உரிமையையும் பறித்துவிடும். ஆப்புக்கு ஒதுக்கிய குரூப்புகளை மட்டும் அனுப்பும்படி வைத்தால் பெரும்பாலும் தீரும்.

ஸ்கிம் என்பது கணக்கு, குரூப் மாற்றங்களை ஆப்புக்கு அனுப்பும் தரநிலை. அதன் 2.0 பதிப்பு, 2015இல் ஆர்எஃப்சி 7643, 7644 என்ற இணையத் தரநிலை ஆவணங்களாக வந்தது. லாகினுக்குக் காத்திராமல் மாற்றங்களை முன்கூட்டியே தள்ளும். என்ட்ராவிலிருந்து சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறை. உள்ளடுக்கு குரூப்பை இதுவும் விரிக்காது. கணக்கை முடக்கும் செய்தி வந்ததும் திறந்திருக்கும் செஷனையும் ஏபிஐ சாவிகளையும் ரத்து செய்வது ஆப்பின் வேலை, பலரும் மறப்பது இதைத்தான்.

நம் தேர்வு: சேர்க்கைக்கு ஸ்கிம், அடையாளத்துக்கு மட்டும் டோக்கன். ஐடென்டிட்டி புரொவைடரே (என்ட்ரா போல லாகினைச் சரிபார்த்து டோக்கன் தரும் சேவை) இல்லாத உள்நெட்வொர்க் ஆப்புக்கு எல்டாப் போதும்.

எதை எடுத்தாலும் குரூப்பைப் பெயரால் பொருத்தாதீர்கள். இரண்டு மூலங்களிலும் 'அட்மின்' இருந்தால் தவறான ஆளுக்குச் சாவி போய்விடும். மூலத்தின் பெயரும் மாறாத ஐடியும் சேர்ந்ததே திறவுகோல். ஆக்டிவ் டைரக்டரியில் அந்த ஐடி ஆப்ஜெக்ட்ஜியுஐடி. ஒவ்வொரு மூலத்தின் சிங்க்கும் (ஒத்திசைவு) தான் சேர்த்த பதிவுகளை மட்டுமே நீக்கட்டும், கையால் கொடுத்த உரிமையைத் தொடக்கூடாது.