ரேட்டிங்குக்குப் பின்னால் ஓடிக் களைத்தவர்களுக்கு லிச்செஸ் எப்படி?

போட்டி செஸ் ஆடுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் பலகையைப் பார்த்தாலே கசந்துவிடும். அளவுக்கு மீறி ஆடிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆட்ட எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ரேட்டிங்கைப் (நம் ஆட்டத்திறனைக் காட்டும் எண்) பார்ப்பதும், தோற்ற சூட்டோடு அதே எதிராளியோடு மறுபடி ஆட ரீமேட்ச் அழுத்துவதும்தான் ஆளை அதிகம் தின்னும். இணையத்தில் செஸ் ஆடும் லிச்செஸ் தளத்தை அந்தக் கோணத்தில் மட்டும் இங்கே எடைபோடலாம்.

2010இல் திபோ டுப்ளெஸி தொடங்கிய தளம் இது. விளம்பரமும் கட்டணமும் இல்லாமல் நன்கொடையில் ஓடுகிறது. நம்மைத் திரையிலேயே கட்டிப்போட்டுச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. சோர்வைத் தடுக்கும் நல்ல வசதிகளும் உள்ளே இருக்கின்றன. தேடிப்போய் நாமேதான் இயக்க வேண்டும். கணக்கு தொடங்கியபடியே விட்டுவிட்டால், முகப்பில் 1+0 புல்லட் (ஆளுக்கு ஒரே நிமிடம் கொண்ட அதிவேக ஆட்டம்) ஒரே தட்டில் காத்திருக்கும்.

முதல் வேலையாக, விருப்பத்தேர்வுகளில் ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கைக் காட்டும் அமைப்பைத் தேடுங்கள். காட்டு, காட்டாதே, ஆடும்போது மட்டும் மறை என்று மூன்று நிலைகள் உண்டு. களைத்துப் போனவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரேட்டிங் பின்னால் கணக்கிடப்பட்டுக்கொண்டேதான் இருக்கும், கண்ணில் மட்டும் படாது. எதிராளி 200 புள்ளி மேலே இருக்கிறார் என்று தெரிந்ததுமே டிராவுக்கு ஆடத் தொடங்கும் பழக்கமும், கீழே இருப்பவரிடம் தோற்றால் வரும் அவமான உணர்வும் இதனால் வெகுவாகக் குறையும். தளத்தின் ஆகச் சிறந்த வசதி என்று இதைத்தான் சொல்வேன். ஆட்டத்தின் நடுவே விசைப்பலகையில் z தட்டினால் ஜென் முறை வரும். அரட்டையும் மெனுவும் விலகி, பலகையும் கடிகாரமும்தான் கண்முன் நிற்கும்.

அடுத்தது நேரக் கட்டுப்பாடு. தொடக்க நேரத்தோடு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் விநாடிகளான இன்க்ரிமென்ட்டின் 40 மடங்கைக் கூட்டி ஆட்டத்தை வகைப்படுத்துகிறது லிச்செஸ். 5+3 (5 நிமிடம், நகர்த்தலுக்கு 3 விநாடி) என்றால் 300 + 120 = 420 விநாடி, அது பிளிட்ஸ். 15+10 என்றால் 900 + 400 = 1300 விநாடி, ரேபிட். இதே கணக்கில் 15+10 ஆட்டம் ஒன்று, இருவர் நேரத்தையும் சேர்த்தால், முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் 3+0 ஆட்டங்கள் ஏழு ஆடிவிடலாம். ஏழு முறை மனம் ஏறி இறங்கும், எந்தத் தோல்விக்கும் காரணம் நினைவில் நிற்காது. சோர்வு எட்டிப் பார்த்தால் ஒரு நாளுக்கு ஒரு 15+10 ஆட்டம் போதும். பிளிட்ஸ் ஆடியே ஆக வேண்டும் என்பவர்கள், தொடர்ந்து இரண்டு தோற்றால் உலாவித் தாவலை மூடிவிட வேண்டும். ஒரு நாளுக்கு இத்தனை ஆட்டம்தான் என்று தளமே நம்மைத் தடுக்கும் வசதி இல்லாதது பெரிய குறை. அந்தப் பூட்டை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

குறித்த நேரம் முடியும்வரை அடுத்தடுத்து ஆடிப் புள்ளி சேர்க்கும் அரீனா போட்டிகளில் கவனமாக இருங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. அடுத்தடுத்து இரண்டு வென்றால் தீச்சுடர் எரியத் தொடங்கி, அதன்பின் புள்ளிகள் இரட்டிப்பாகும். பெர்செர்க் என்ற பொத்தானை அழுத்தினால் நம் நேரம் பாதியாகும், வென்றால் கூடுதலாக ஒரு புள்ளி. சுடர் அணைந்துவிடுமே என்ற பதற்றத்தில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். ஓர் ஆட்டம் முடிந்து போட்டிப் பக்கத்துக்குத் திரும்பியதும் அடுத்தவரோடு தானாகவே இணைத்துவிடும். நிறுத்தும் பொத்தான் இருக்கிறது, அதைத் தட்டினால் புள்ளி எதுவும் பறிபோகாது. சுற்றுகளின் எண்ணிக்கை முன்பே தெரிந்த சுவிஸ் போட்டிகள் இதைவிட எவ்வளவோ மேல்.

சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்கும் புதிர்களான பசில் பகுதியில் மூன்று சிறு மாற்றங்கள் போதும். ரேட்டிங் பொத்தானை அணைத்துவிடுங்கள். விடை சரியானதும் அடுத்ததற்குத் தாவும் பொத்தானையும் அணையுங்கள். இல்லையென்றால் ஏன் சரி என்று பார்ப்பதற்குள் புதுப் பலகை வந்து நிற்கும். கடினத்தை ஒரு படி குறைத்தால் நம் அளவைவிட 300 புள்ளி எளிதானவை வரும். களைத்த மூளைக்கு அதுவே சரியான பயிற்சி, பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆட்டத்தை அலசும்போது எல்லோரும் செய்யும் தவறு, முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினைத் (நகர்த்தல்களை மதிப்பிடும் கணினி நிரல்) திறப்பது. தவறுகளைக் காட்டும் சிவப்புக் குறிகளை எண்ணிவிட்டு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று மூடிவிடுவார்கள். ஆட்டத்தை ஸ்டடியாக (குறிப்பு எழுதிவைக்கும் பலகைப் பக்கம்) மாற்றி, என்ஜினை அணைத்து, எந்த இடத்தில் திட்டம் இல்லாமல் போனது என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். அதன் பிறகு கணினி அலசலைக் கேட்டு, 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' பகுதிக்குப் போனால், சறுக்கிய நிலைகளை மட்டும் திரும்பக் காட்டி வேறு நகர்த்தல் கேட்கும். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை சேர்க்கலாம்.

ஓய்வெடுக்கப் பலர் பயப்படுவது ரேட்டிங் இறங்கிவிடும் என்றுதான். இங்கே அப்படி இல்லை. லிச்செஸ் பயன்படுத்தும் கிளிக்கோ-2 முறையில், ஆடாமல் இருந்தால் எண் அப்படியே நிற்கும். அந்த எண் எவ்வளவு நம்பகமானது என்ற விலகல் அளவு மட்டும் மெல்ல உயரும். அது 110ஐத் தாண்டினால் ரேட்டிங்கின் பக்கத்தில் கேள்விக்குறி விழும். திரும்பி வந்ததும் முதல் சில ஆட்டங்களில் புள்ளிகள் வழக்கத்தைவிடப் பெரிதாக ஏறி இறங்குவது இதனால்தான். ஆடத் தெரியாமல் போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டாம். ரேட்டிங் இல்லாத நட்பு ஆட்டங்கள் சிலவற்றில் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு இறங்கலாம்.

முழுதாக விலக மனம் வரவில்லையா? நகர்த்தலுக்கு 14 நாள் வரை அவகாசம் தரும் அஞ்சல் ஆட்டம் ஒன்றே ஒன்று ஆடுங்கள். அதில் ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) தரவுத்தளத்தைப் பார்க்க அனுமதி உண்டு, என்ஜினுக்கு இல்லை.