உயர்த்திய ஜீப்பில் குலுக்கல்: ஷாக்கா, பாராபாலிக்கா, மெல்லிய பட்டைக் கட்டா?

மஹிந்திராவின் எம்எம்540, மேஜர் மாதிரி நான்கு மூலையிலும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்த, நம் ஊரில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: இருக்கிற கட்டோடு இன்னொரு பட்டை, கூடவே நீளமான சாக்கில் (கமான் நுனியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பு). உயரம் கிடைத்துவிடும், ஆனால் சின்னப் பள்ளம்கூட இடுப்பில் வந்து இறங்கும். அதைச் சரிசெய்ய மூன்று வழிகள் பேசப்படுகின்றன: ஷாக் அப்சார்பர் மாற்றுவது, பாராபாலிக் கமான் போடுவது, மெல்லிய பட்டைகளில் புதுக் கட்டு போடுவது. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

முதலில் டயர் காற்றைப் பாருங்கள். காலி ஜீப்புக்கு தார் ரோட்டில் 26–28 பிஎஸ்ஐ போதும். 35 அடித்து வைத்துக்கொண்டு கமானைக் குறை சொல்ல முடியாது.

ஷாக்கில் பணத்தைப் போடும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் பம்பரை மெதுவாக அழுத்தி மெதுவாக விடுங்கள். தரையிலிருந்து பம்பர் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே பம்பரைத் தூக்கி மெதுவாக விட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தைத் தாண்டினால், பட்டைகள் ஒன்றோடொன்று துருப்பிடித்து இறுகிவிட்டன என்று அர்த்தம். சின்ன மேடு பள்ளத்துக்குக் கமான் அசைவதே இல்லை. டயர் மட்டும்தான் வேலை செய்கிறது. கமான் அசையாத வண்டியில் எவ்வளவு விலை உயர்ந்த கேஸ் ஷாக்கைப் போட்டாலும் பலன் தெரியாது.

ஷாக் மாற்றியே ஆகவேண்டிய இடமும் உண்டு. உயர்த்திய வண்டியில் உயர்த்தும் முன் இருந்த அதே நீளத்து ஷாக் இருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது முழுதும் நீண்டு முட்டி ‘டங்’கென்று அடிக்கும். சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு ஓர் அளவு, ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் (அது மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும் நிலையில் ஓர் அளவு எடுங்கள். இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் மிச்சம் இருக்கிற ஷாக்காகப் பார்த்து வாங்க வேண்டும்.

பாராபாலிக், சொகுசு என்று மட்டும் பார்த்தால் முதலிடம். இரண்டு மூன்று பட்டைகள்தான். நடுவில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும். நடுவிலும் நுனியிலும் தவிர ஒன்றையொன்று தொடாது. உராய்வு மிகக் குறைவு. ஆனால் அந்த உராய்வு செய்துவந்த அடக்கும் வேலை முழுதும் ஷாக் தலையில் விழுகிறது, அதனால் நல்ல ஷாக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். எனக்கு இடிப்பது வேறு இடத்தில். இரண்டு பட்டைக் கட்டில் ஒன்று உடைந்தால் பாதிக் கமான் போச்சு. நம் ஜீப்பின் அளவுக்கு மாற்றுப் பட்டை சாலையோரக் கமான் கடையில் கிடைக்காது, வரவழைக்கும்வரை வண்டி நிற்க வேண்டியதுதான்.

மெல்லிய பட்டைக் கட்டு இங்கேதான் ஜெயிக்கிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தை (8 மி.மீ.க்கு 8×8×8) பொறுத்தது. தாங்கும் பலமோ இருமடிப் பெருக்கத்தை (8×8). 8 மி.மீ. பட்டை ஐந்து உள்ள கட்டை எடுத்துக்கொள்வோம். விறைப்புக் கணக்கு 5×512=2560, பலம் 5×64=320. அதே அகலத்தில் 6 மி.மீ. பட்டை ஒன்பது போட்டால் விறைப்பு 9×216=1944, பலம் 9×36=324. பலம் அப்படியே இருக்க, விறைப்பு கால்வாசி குறைகிறது. உயர்த்துவதற்காக 8 மி.மீ.யில் ஆறாவது பட்டை சொருகிய கட்டின் விறைப்போ 3072.

மென்மையான கட்டு கூடுதலாகத் தாழும் என்பதைக் கமான்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வண்டி எடைக்குப் பழையது 3 அங்குலம் தாழ்ந்தால் இது 4 தாழும். 2 அங்குல உயர்வு வேண்டுமென்றால் வளைவு 3 அங்குலம் கூட இருக்க வேண்டும். பழைய பட்டையையே காய்ச்சாமல் பச்சையாகச் சுத்தியலால் அடித்து வளைத்துத் தந்தால் வாங்காதீர்கள், சீக்கிரமே படுத்துவிடும். காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, டெம்பர் பண்ணிய (மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்திய) புதுப் பட்டைதான் வேண்டும்.

பட்டை ஒன்பது ஆனால் உராயும் இடம் நான்கிலிருந்து எட்டாகிறது. இந்த வழியின் உண்மையான பலவீனம் இதுதான், பராமரிப்பும் இதைச் சுற்றியே. ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் நைலான் பேட் வைத்து, நகராமல் இருக்கத் துளையிட்டுப் பதியுங்கள். நுனி விளிம்பைக் கிரைண்டரில் மழுக்கிவிட்டால் அடுத்த பட்டையில் குழி விழாது. வெறும் கிரீஸ் தடவினால் மலைச்சேற்றின் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை நெரித்து அடிக்க வேண்டாம். பட்டை நழுவ இடம் வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் கட்டைப் பிரித்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த பேடை மாற்றினால் போதும். ஒரு பட்டை உடைந்தாலும் நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்களில் அந்த ஒன்றை மட்டும் வெட்டி மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.

ஒன்றிரண்டு பேர் போகும் வண்டிக்கான கணக்கு இது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளைப் போல எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்குத் தடித்த பட்டையே பொருந்தலாம். பாரம் ஏறினால் அதன் ஓட்டமும் மென்மையாகிவிடும்.

மாட்டும்போது, கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும். கட்டு 40 மி.மீ.யிலிருந்து 54 ஆவதால் பழைய நீளம் எட்டாது. ரப்பர் புஷ் என்றால் கண் (கமான் நுனி வளையம்) போல்ட்டையும் சாக்கிலையும் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது; வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகே இறுக்குங்கள், இல்லையேல் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சாக்கிலை 2 அங்குலம் நீட்டினால் உயர்வு 1 அங்குலம்தான். முன் கமானில் சாக்கில் முன்பக்கம் உள்ள வண்டியில் அந்த நீட்டல் காஸ்டரை (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைத்து ஸ்டியரிங்கை அலையவிடும். அங்கே ஆக்சிலுக்கும் கமானுக்கும் நடுவில் டிகிரி ஷிம் (சாய்வான ஆப்புத் தகடு) வைக்க வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது அது கட்டாயம் தளரும்.