ஃபோகஸ் பாயிண்ட்டை நாமே தேர்ந்தெடுப்பது: நீண்ட நாள் அனுபவம்

புதிதாக கேமரா வாங்குகிறவர்கள் அதில் எத்தனை ஃபோகஸ் பாயிண்ட் (கேமரா கூர்மை பார்க்கும் புள்ளி) என்று தவறாமல் கேட்கிறார்கள். 51 பாயிண்ட் உள்ள டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்துக் காட்சியைக் காட்டும் கேமரா) ஒன்றைப் பல வருடம் பயன்படுத்திவிட்டு, அப்புறம் நூற்றுக்கணக்கில் பாயிண்ட் உள்ள, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறினேன். இரண்டிலும் எனக்குப் பட்டது ஒன்றுதான்: வியூஃபைண்டரிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் துளை) கண்ணை எடுக்காமல் பாயிண்ட்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை அப்புறம்.

தேர்வை முழுக்க கேமராவிடம் விட்டால், டிஎஸ்எல்ஆர் பெரும்பாலும் அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். இலைகளுக்கு நடுவே குருவி இருந்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி கூர்மையாக வரும், குருவி மங்கிவிடும். வெறும் வானத்தில் பறக்கும் பறவைக்கு மட்டும் தானியங்கித் தேர்வு நன்றாகவே வேலை செய்தது. குறுக்கே வர அங்கே வேறு எதுவும் இல்லையே.

என் டிஎஸ்எல்ஆரின் 51 பாயிண்ட்டில் கிராஸ் டைப், அதாவது கிடையாகவும் செங்குத்தாகவும் ஓடும் விளிம்பு இரண்டையும் உணர்பவை, 15தான். அவையும் நடுவில் மூன்று நெடுவரிசைகளில் இருந்தன. மீதியெல்லாம் ஒரு திசையில் ஓடும் விளிம்பை மட்டுமே உணரும். ஜன்னல் பிளைண்ட் போல ஒரே திசையில் கோடு உள்ள பொருளில் ஓரத்துப் பாயிண்ட்டை வைத்தால், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டு எதையும் பிடிக்காமல் நிற்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் உடனே பிடித்துவிடும். அப்படியே ஃபோகஸைப் பூட்டிவிட்டு நேராக்கிப் படம் எடுக்கலாம். இந்தத் தந்திரம் மிரர்லெஸ்ஸிலும் உதவுகிறது, ஏனென்றால் அவற்றில் பலவும் ஒரு திசையைத்தான் நன்றாக உணர்கின்றன.

இருட்டாக இருந்தால் டிஎஸ்எல்ஆரில் யோசிக்காமல் நடுப் பாயிண்ட்டுக்குப் போய்விடுவேன். டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் துணைக் கருவி) மாட்டி, அதிகபட்ச அபெர்ச்சரே, அதாவது லென்ஸ் திறப்பே, எஃப் 8 என்ற சிறிய அளவாகிவிட்டாலும் அப்படித்தான். பல மாடல்களில் அப்போது நடுவில் உள்ளது மட்டும்தான் வேலை செய்யும்.

‘அப்படியானால் எப்போதும் நடுப் பாயிண்ட்டிலேயே ஃபோகஸ் செய்துவிட்டு கேமராவைத் திருப்பிக்கொள்ளலாமே’ என்பார்கள். தூரத்துப் பொருளுக்குச் சரி. கிட்டத்தில், அபெர்ச்சரை அகலத் திறந்து எடுக்கும்போது கணக்கு உதைக்கும். முழு ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் முகம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 4 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு 15 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் ஏறக்குறைய 3.4 செ.மீ. தள்ளிப் போய்விடுகிறது. கண்ணுக்குப் பதில் காதோர முடி கூர்மையாக வரும். அந்த இடத்தில் பாயிண்ட்டை நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நகர்த்துவதை எளிதாக்க டிஎஸ்எல்ஆர் மெனுவில் இரண்டு விஷயம் ரொம்ப உதவின. ஒன்று, தேர்ந்தெடுக்கும் பாயிண்ட்டுகளை 51லிருந்து 11ஆகக் குறைப்பது. ஓரத்துக்குப் போக நாலைந்து அழுத்தல் மிச்சம். இன்னொன்று, வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரத்தில் வந்து நிற்கும்படி வைப்பது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அதற்கெனத் தனியாக ஒரு பாயிண்ட்டை நினைவில் வைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. இருந்தால் விடாதீர்கள்.

மிரர்லெஸ்ஸில் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி வந்ததும் பாதி வேலை குறைந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது நான் நினைத்தவரை விட்டுவிட்டு மற்றவரைப் பிடிக்கும். கம்பி வேலிக்குப் பின்னால் விலங்கு இருந்தால் வேலியிலேயே நின்றுவிடும். அதனால் கண் கண்டறிதலைப் பெரிய ஃபோகஸ் பகுதியோடு சேர்த்து வழக்கமான பட்டனில் வைத்திருக்கிறேன். சிறிய ஒற்றைப் பாயிண்ட்டுக்கு இன்னொரு பட்டன். எது வேண்டுமோ அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளலாம்.

ஒற்றைப் பாயிண்ட்டிலேயே ஆகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுக்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தத் துளி இடத்துக்குள் வெறும் கன்னமோ வெள்ளைச் சுவரோ மட்டும் விழுந்தால் பிடிக்க விளிம்பே கிடைக்காமல் தடுமாறுகிறது. பூச்சி, நகை போன்றவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்றதற்கு நடுத்தர அளவே போதும். ஓடுகிற ஆளுக்கு அதுவும் போதாது. தேர்ந்தெடுத்த பாயிண்ட்டோடு சுற்றியுள்ளவையும் துணைக்கு வரும் முறைதான் கைகொடுக்கிறது.

தொடுதிரையில் விரலால் இழுத்துப் பாயிண்ட்டை நகர்த்துவது ஜாய்ஸ்டிக்கைவிட வேகம். ஆனால் இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு மூக்கு திரையில் பட்டு, பாயிண்ட் தானாக ஒரு மூலைக்கு ஓடும். தொடும் பகுதியைத் திரையில் மூக்கு படாத பக்கத்துக்கு மட்டும் என்று மெனுவில் மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.