பிரஷ்யச் சிப்பாயா, பிரிட்டிஷ் சிப்பாயா?

ஏழாண்டுப் போரில் (1756–1763) இரண்டு படைகளும் ஒரே அணிதான். ஆனால் சாதாரணக் காலாட்படை வீரனுக்கு எந்தச் சீருடை மேல்?

அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் 1733 முதல் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டது. அங்குள்ள உழவர் வீட்டுப் பையன்களின் பெயர் சிறுவயதிலேயே பதிவேட்டில் ஏறிவிடும். பயிற்சி முடிந்தபின், அமைதிக் காலத்தில் ஆண்டின் பெரும்பகுதியை வயலில் கழிக்கலாம். வெளிநாட்டார் பாடுதான் மோசம். ஏமாற்றிப் பிடித்து வரப்பட்டவர்கள் ஏராளம். உல்ரிச் பிரேக்கர் என்ற சுவிஸ் இளைஞர் அப்படிச் சிக்கியவர். 1756 அக்டோபரில் லோபோசிட்ஸ் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே நழுவிவிட்டார். (பிழைக்கத் தெரிந்தவர்!) இந்த ஓட்டத்துக்குப் பயந்துதான், பெரிய காடுகளுக்கு அருகில் முகாம் போடாதீர்கள் என்று தளபதிகளுக்கு மன்னர் பிரெடெரிக் எழுதிவைத்தார்.

பிரிட்டிஷ் படையில் பெரும்பாலோர், பேருக்கேனும், தாமாகச் சேர்ந்தவர்கள். நாளுக்கு 8 பென்ஸ் சம்பளம். சாப்பாடு, உடைப் பிடித்தம் போக மிச்சம் சொற்பம். எங்கே கப்பலேற்றுவார்கள் என்பதும் தெரியாது: கனடாவாக இருக்கலாம், 1760-இல் நம் வந்தவாசியாகவும் இருக்கலாம். 1762-இல் ஹவானாவைப் பிடித்த படையில், குண்டுக்குப் பலியானவர்களைவிடக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் பல மடங்கு. அதனால், உள்ளூர் உழவனுக்குப் பிரஷ்யாவே தேவலை என்பேன், அந்நியனுக்கு அல்ல.

தண்டனையில் மட்டும் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. பிரஷ்யாவில் இரு வரிசையாக நின்று சக வீரர்களே குச்சியால் விளாசுவார்கள், நடுவே நடக்க வேண்டும். பிரிட்டிஷ் படையில் சாட்டையடி, நூற்றுக்கணக்கில்.