குழந்தை வரப்போகுது, கடனும் இருக்கு: சேமிப்பைப் போட்டு அடைக்கிறதா, கையில வைக்கிறதா, ஒரே லோனா மாத்துறதா?

குழந்தை உண்டாயிருக்குன்னு தெரிஞ்ச உடனே நிறைய வீடுகள்ல வர்ற முதல் பேச்சு "பொறக்கிறதுக்குள்ள கடனை எல்லாம் அடைச்சிடணும்"ங்கறதுதான். எண்ணம் நல்லதுதான், ஆனா சில கடனுக்கு இது சுத்தமா தப்பான நேரம்.

ஹவுஸிங் லோன் மாதிரி வட்டி கம்மியான கடனை எடுத்துக்கோங்க, வருஷத்துக்கு 9% வட்டின்னு வெச்சுக்குவோம். கையில இருக்கிற 1,00,000-ஐ அதுல கட்டினா மாசம் சுமார் 750 வட்டி மிச்சம், எட்டு மாசத்துக்கு 6,000. அதே காசு 3% வட்டி தர்ற சேவிங்ஸ் அக்கவுண்ட்ல சும்மா கிடந்தா 2,000 வரும். ஆக எட்டு மாசம் காசை கையில வெச்சிருக்கிறதுக்கு நீங்க கொடுக்கிற விலை வெறும் 4,000 தான். இப்ப அந்தக் காசை லோன்ல கட்டியாச்சு, திடீர்னு ஆஸ்பத்திரியில 1,00,000 கட்டச் சொல்றாங்க, வேற வழி இல்லாம கிரெடிட் கார்டைத் தேய்ச்சு அதை முழுசா திருப்பிக் கட்ட முடியலைன்னா, மாசம் 3% வட்டியில ரெண்டே மாசத்துல 6,000 போயிடும். இன்னொன்னு, நிறைய பேர் இதை கவனிக்கறதே இல்ல, லோன்ல எவ்வளவு முன்கூட்டி கட்டினாலும் பொதுவா அடுத்த மாச ஈஎம்ஐ நிக்காது, வருஷம் குறையும் இல்லைன்னா தவணை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், கட்டின காசு அவசரத்துக்குத் திரும்பியும் வராது.

கார்டு பாக்கி விஷயமே வேற. மாசம் 3%னா வருஷத்துக்கு 36%, வட்டிக்கு வட்டி சேர்ந்தா 42% தாண்டும், உண்மையிலேயே குட்டி போடுற வட்டி. மினிமம் டியூ, அதாவது இந்த மாசம் குறைஞ்சது இவ்வளவாவது கட்டுங்கன்னு பில்லுல போடுற தொகை, அதை மட்டும் கட்டினா அதுல பெரும்பங்கு வட்டிக்கே போயிடும், அசல் அசையாது, அதுவும் இல்லாம பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கும் பொதுவா வாங்கின நாள்லேர்ந்தே வட்டி ஓடும். அதனால 'காசை கையில வை'ங்கற பேச்சு கார்டுக்குப் பொருந்தாது, அதை முதல்ல தீர்த்துடணும்.

அது பெரிய தொகையா இருந்து தீர்க்க முடியலைன்னா மூணாவது வழி, பெர்சனல் லோன் எடுத்து கார்டு பாக்கியை அடைக்கிறது. கார்டுல 3,00,000 நிக்குதுன்னா மாச வட்டியே 9,000. அதை 14% லோனா மாத்தினா மூணு வருஷத்துக்கு ஈஎம்ஐ சுமார் 10,250, அஞ்சு வருஷத்துக்கு சுமார் 6,980. ஆனா மொத்த வட்டி பாருங்க, மூணு வருஷத்துக்கு 69,000 வருது, அஞ்சு வருஷத்துக்கு 1,19,000 கிட்ட. சாதாரண நேரமா இருந்தா மூணு வருஷம்னு கண்ணை மூடிட்டு சொல்லிடுவேன், ஆனா பிரசவ லீவுல சம்பளம் குறையப் போற வீட்டுக்கு மாசம் 3,270 மிச்சமாகறது ரொம்பப் பெருசு, அதனால முன்கூட்டி மூடினா அபராதம் இல்லைன்னா, இல்ல ரொம்ப கம்மின்னா, அஞ்சு வருஷமே எடுங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் கூடுதலா கட்டி சீக்கிரம் முடிச்சுக்கலாம். இதை ரெண்டு சம்பளமும் வந்துட்டு இருக்கும்போதே பண்ணிடணும், லீவுல போனப்புறம் சேலரி ஸ்லிப் கேட்டா லோன் கிடைக்கறது கஷ்டம். பாக்கி அடைச்ச கார்டை மறுபடி தேய்க்க ஆரம்பிச்சா ரெண்டு கடனாயிடும், அந்த உறுதி இல்லைன்னா இந்த வழிக்கே போகாதீங்க.

எந்த லோனை முதல்ல முடிக்கறதுன்னு ரெண்டு கட்சி இருக்கு, வட்டி அதிகமானது முதல்லன்னு ஒரு கட்சி, சின்னது முதல்லன்னு இன்னொன்னு. கணக்குப்படி முதல் கட்சி சொல்றதுதான் சரி. ஆனா இந்த நேரத்துல நான் வேற ஒண்ணைப் பார்ப்பேன், எதை முடிச்சா லீவு மாசங்கள்ல ஒரு தவணை இல்லாம போகும்? 60,000 பாக்கி, ஈஎம்ஐ 6,000, வட்டி 12%னு ஒரு லோன். 1,80,000 பாக்கி, அதே 6,000 ஈஎம்ஐ, வட்டி 15%னு இன்னொண்ணு. பெருசுல 60,000 போட்டா வட்டி குறையும், ஆனா மாசச் செலவுல பெரிய மாற்றம் தெரியாது, சின்னதை மூடினா மாசாமாசம் 6,000 முழுசா கையில நிக்கும். லீவு ஆரம்பிக்கறதுக்குள்ள தானா முடியப்போற லோன்னா அதைத் தொட வேண்டாம், அது பாட்டுக்கு முடியட்டும்.

சரி, கையில எவ்வளவு வைக்கணும்? ஆஸ்பத்திரியில நார்மலுக்கும் சிசேரியனுக்கும் தனித்தனியா எஸ்டிமேட் வாங்குங்க, பெரிய தொகையையே கணக்குல வைங்க, ஏன்னா உலக அளவுல அஞ்சு பிரசவத்துல ஒண்ணுக்கு மேல சிசேரியன்தான். பத்துல ஒரு குழந்தை 37 வாரத்துக்கு முன்னாடியே பொறக்குது, சொன்ன தேதியில சரியா பொறக்கறது நூத்துக்கு நாலஞ்சுதான், அதனால 'அந்த மாசத்துக்குள்ள சேர்த்துடலாம்'னு கடைசி வரைக்கும் இழுக்காதீங்க. அதுக்கு மேல லீவுல ஒவ்வொரு மாசமும் எவ்வளவு துண்டு விழும்னு போட்டு, அத்தனை மாசத்துக்கும் சேர்த்து வைங்க. இன்சூரன்ஸ் இருந்தா பிரசவத்துக்கு காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்து இவ்வளவு நாள் கழிச்சுதான் பிரசவச் செலவு தருவோம்ங்கற கட்டுப்பாடு, இருக்கான்னு பாலிசியை எடுத்து இப்பவே படிங்க.

இதை சேர்க்க எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, நாலாவது அஞ்சாவது மாசத்துலேர்ந்தே ஒரு சம்பளத்துல குடும்பம் நடத்திப் பாக்கறது. இன்னொரு சம்பளம் வந்த அன்னைக்கே தனி அக்கவுண்ட்டுக்குப் போயிடணும். எந்த செலவு இடிக்குதுன்னு முதல் மாசமே தெரிஞ்சிடும், பணமும் சேரும். தொட்டில், குழந்தையை வெச்சுத் தள்ளுற வண்டியெல்லாம் தவணையில வாங்க வேண்டாம், கேட்டுப் பாருங்க, உபயோகிச்சு வெச்சிருக்கிற சொந்தக்காரங்க சந்தோஷமா கொடுப்பாங்க.

இவ்வளவு பண்ணியும் ஏதோ ஒரு மாசம் தவணை கட்ட முடியாதுன்னு தோணுச்சுன்னா, தேதி தாண்டறதுக்கு முன்னாடியே கடன் கொடுத்தவங்ககிட்ட போய்ப் பேசி தவணையைத் தள்ளிப்போடவோ குறைக்கவோ கேளுங்க, என்ன ஒத்துக்கிட்டாங்களோ அதை எழுத்துல வாங்கிக்கோங்க.